நிறம் வந்தது, மொறுமொறுப்பு வரவில்லை: பொரித்த சுஷிச் சோறு, ஒரு வீட்டுச் சமையலறை, ஒரு நிகழ்வு ஆய்வு

தெற்குக் கலிஃபோர்னியாவின் டாரன்ஸ் நகரில் வசிக்கும் ஒரு தமிழ்க் குடும்பத்தின் சமையலறையில் நடந்தது இது. அந்த வீட்டு மகளுக்கு உணவகத்தில் சாப்பிட்ட ஒரு பண்டத்தின் மீது தீராத ஆசை. சுஷிச் சோற்றை, அதாவது வினிகரும் சர்க்கரையும் உப்பும் கலந்த ஒட்டும் ஜப்பானியச் சோற்றை, அழுத்திக் குளிரவைத்து, சிறு செவ்வகங்களாக வெட்டி, எண்ணெயில் பொன்னிறமாகப் பொரித்து, அதன் மேல் காரமான டூனா மீன் கலவையை வைத்து, ஹாலபேன்யோ மிளகாயின் ஒரு மெல்லிய வளையத்தோடு பரிமாறுவார்கள். வெளியே நொறுங்க வேண்டும். உள்ளே சோறு மெத்தென்று இருக்க வேண்டும். மேலே மீன் குளிர்ச்சியாக இருக்க வேண்டும். மூன்றும் ஒரே வாய்க்குள் சேரும்போதுதான் அது அந்தப் பண்டம். பிறந்தநாள் விருந்துக்கு இதை வீட்டிலேயே செய்துவிடலாம் என்று தாய் முடிவெடுத்தார்.

அவர் சமையல் தெரியாதவர் அல்லர். முறுக்கு, அதிரசம், வடை என்று எண்ணெய்ச் சட்டியோடு பல வருடம் பழகியவர். ஆனாலும் இந்தச் சோற்றுத் துண்டு அவருக்குப் பிடிபடவில்லை. என்னிடம் அவர் சொன்ன குறை இதுதான்: "அக்கா, நிறம் நன்றாக வந்துவிடுகிறது. எடுத்துக் கடித்தால் வெளியேயும் கொழகொழவென்று இருக்கிறது. திருப்பும்போது பாதி உதிர்ந்துவிடுகிறது. எண்ணெயோ முகத்துக்குத் தெறிக்கிறது." எண்ணெயை மாற்றிப் பார்த்தார், வாணலியை மாற்றிப் பார்த்தார், தீயைக் கூட்டினார், குறைத்தார். எதுவும் பலிக்கவில்லை.

அவர் சமைப்பதை அரிசி களைவதிலிருந்து பக்கத்தில் நின்று பார்த்தபோது ஒன்று தெளிவாயிற்று. வாணலி ஏறுவதற்கு முன்பே எல்லாம் தீர்மானமாகிவிட்டிருந்தது. அவர் சொன்ன மூன்று குறைகளுக்கும் வேர் ஒன்றே: தண்ணீர். சோற்றுக்குள் எவ்வளவு தண்ணீர், அது எங்கே இருக்கிறது, பொரியும்போது எப்போது வெளியேறுகிறது என்பதுதான் இங்கே முழு விஷயமும். அந்தத் தண்ணீரைக் கவனிக்கவிடாமல் அவரைத் திசைதிருப்பியது அந்த அழகான பழுப்பு நிறம்.

பண்டம் எங்கிருந்து வந்தது

இது ஜப்பானின் பழைய பண்டம் அல்ல. லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்துப் பண்டம். 1997-இல் அந்நகரின் ஸ்டூடியோ சிட்டி பகுதியில் கட்சு-யா உணவகத்தைத் திறந்த சமையற்கலைஞர் கட்சுயா உயேச்சியின் பெயரோடு சேர்த்தே இது பெரும்பாலும் பேசப்படுகிறது. பின்னர் நோபு போன்ற பெரிய உணவகங்களின் பட்டியலிலும் இடம்பிடித்து, இப்போது அமெரிக்கா முழுவதும் பரவிவிட்டது. ஜப்பானில் இதற்கு மூத்த உறவுகள் உண்டு. உருண்டை பிடித்த சோற்றைக் கரிமேல் வாட்டி, சோயா சாஸ் தடவிச் சாப்பிடும் யாக்கி ஒனிகிரி ஒன்று; பானையின் அடியில் பிடித்துக்கொள்ளும் ஒகோகே மற்றொன்று.

லாஸ் ஏஞ்சல்ஸைப் பொறுத்தவரை இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஈரானியர்கள் பெருமளவில் வாழும் வெஸ்ட்வுட் பகுதியில் தஹ்திக் என்ற அடிப்பிடித்த சோறு விருந்தின் தலைமைப் பண்டம். கொரியாடவுனில் கொரியர்களின் அடிச்சோறான நுருஞ்ஜி. அடிச்சோற்றை அமிழ்தாகக் கருதும் இத்தனை சமூகங்கள் கூடி வாழும் ஊரில் பொரித்த சுஷிச் சோறு இவ்வளவு விரைவாக மனங்களைப் பிடித்ததில் எனக்கு வியப்பில்லை.

மேலே வைக்கும் கார மயோனைஸும் அந்த ஊரின் கலப்பைச் சொல்கிறது. ஜப்பானில் 1925-இல் விற்பனைக்கு வந்த கியூப்பி மயோனைஸ் முட்டையின் மஞ்சள் கருவை மட்டும் கொண்டு செய்யப்படுவது. அதில் கலக்கும் ஸ்ரிராச்சா மிளகாய் சாஸை அமெரிக்க வீடுகளுக்குக் கொண்டுசேர்த்த ஹூய் ஃபோங் நிறுவனத்தை வியட்நாமிலிருந்து வந்த டேவிட் டிரான் 1980-இல் லாஸ் ஏஞ்சல்ஸில்தான் தொடங்கினார்.

அரிசி

முதல் முயற்சியில் அவர் பயன்படுத்தியது வீட்டில் இருந்த சோனா மசூரி. அது ஏன் உதிர்ந்தது என்பதை விளக்க அதிக நேரம் தேவையில்லை. அரிசியின் மாவுச்சத்தில் அமைலோஸ், அமைலோபெக்டின் என இரண்டு உண்டு. அமைலோஸ் கூடினால் சோறு பொலபொலவென்று உதிரும்; குறைந்தால் ஒட்டும். ஜப்பானிய வகை அரிசிகளில் அமைலோஸ் ஏறத்தாழ 15 முதல் 20 விழுக்காடு. நாம் சாம்பாருக்கும் ரசத்துக்கும் விரும்புகிற அரிசிகளில் அதைவிடக் கூடுதல். குழம்பு ஊறவேண்டிய சோற்றுக்குப் பொலபொலப்பு நல்ல குணம். துண்டு போடவேண்டிய சோற்றுக்கு அது ஆகாது.

அடுத்து அவர் வாங்கியது கால்ரோஸ். 1948-இல் கலிஃபோர்னிய விவசாயிகளுக்கு வெளியிடப்பட்ட, நடுத்தர நீளமுள்ள ரகம் இது. அந்த மாநிலத்துச் சுஷிக் கடைகள் பலவற்றில் இதுவும் இதன் வழிவந்த ரகங்களும்தான் புழங்குகின்றன. 1956-இல் ஜப்பானில் பதிவான கோஷிஹிகாரி இன்னும் மென்மையானது, மணமுள்ளது, விலையும் கூடுதல். எண்ணெயில் பொரிக்கப்போகிற சோற்றுக்கு அந்த விலை தேவையில்லை என்பது என் கருத்து. கால்ரோஸே போதும்.

அரிசி மாறியது, அளவு மாறவில்லை. சிக்கல் அங்கேதான் இருந்தது. ஒரு பங்கு அரிசிக்கு இரண்டு பங்கு தண்ணீர் என்பது அவர் கைக்குப் பழகிய கணக்கு. கால்ரோஸுக்கு அது மிக அதிகம். மணிகள் வெடித்து, ஓரங்கள் கரைந்து, குழைந்த சோறு கிடைத்தது. ஒட்டுகிறதே, சுஷிக்கு இதுதானே வேண்டும் என்று அவர் நினைத்தது இயல்பு. ஆனால் முழு மணிகள் ஒன்றையொன்று பற்றிக்கொள்வதற்கும், உடைந்த மணிகள் கூழாகிச் சேர்ந்துகொள்வதற்கும் பெரிய வேறுபாடு உண்டு. முதலாவது பொரியும்போது மணி மணியாக நொறுங்கும். இரண்டாவது பொரியாது, வேகும்.

சரியான அளவு இது. ரைஸ் குக்கரோடு வரும் 180 மில்லி குவளையால் இரண்டு குவளை அரிசி, அதாவது சுமார் 300 கிராம். தண்ணீர் ஓரளவு தெளியும்வரை களைந்து, வடித்து, அரை மணி நேரம் ஊறவைத்து, 360 முதல் 400 மில்லி தண்ணீரில் வேகவைக்க வேண்டும். குக்கர் அணைந்தபின் 10 நிமிடம் மூடியைத் திறக்கக் கூடாது. பொரிப்பதற்கென்றே சமைக்கும்போது 360-ஐ ஒட்டியே நிற்பது நல்லது.

வினிகர் பாட்டில்

தண்ணீரைக் குறைத்ததும் துண்டுகள் உதிர்வது பெருமளவு நின்றது. ஆனால் பழுப்பு நிறம் முன்போலவே விரைந்து வந்தது, மொறுமொறுப்பு வரவில்லை. இந்த இடத்தில்தான் நான் அதிக நேரம் செலவிட்டேன். பொரிக்கும் பண்டங்களில் நிறம் வந்தால் வெந்துவிட்டது என்று நம்புவது நம் பழக்கம். இங்கே நிறம் தனியாக ஓடிக்கொண்டிருந்தது.

அலமாரியில் இருந்த வினிகர் பாட்டிலை எடுத்துப் பின்புறத்தைப் படித்தபோது காரணம் கிடைத்தது. கடைகளில் அரிசி வினிகர் இரண்டு விதமாகக் கிடைக்கிறது. ஒன்றில் வினிகர் மட்டும் இருக்கும். மற்றொன்றில் சுஷிக்கு ஏற்றபடி சர்க்கரையும் உப்பும் ஏற்கெனவே கலந்திருக்கும். இரண்டு பாட்டில்களும் பக்கத்துப் பக்கத்திலேயே, ஏறத்தாழ ஒரே தோற்றத்தில் நிற்கும். அவர் வாங்கியது இரண்டாவது வகை. அதில் செய்முறைக் குறிப்பில் சொன்னபடி மறுபடியும் சர்க்கரையும் உப்பும் கலந்திருந்தார். மகளுக்குப் புளிப்பு பிடிக்காது என்பதால் சர்க்கரை ஒரு கை கூடுதலாகவே விழுந்திருந்தது.

சர்க்கரை கூடினால் சோற்றில் நடப்பது இரண்டு. ஒன்று வெளிப்படை: சீக்கிரம் சிவக்கிறது. நாம் போடும் வெள்ளைச் சர்க்கரையின் ஒரு பகுதி, புளிப்பும் சூடும் சேரும்போது குளுக்கோஸாகவும் ஃபிரக்டோஸாகவும் பிரிகிறது. பிரிந்த இவை சூடான எண்ணெயில் வெகு விரைவில் பழுப்பேறும். சோற்றின் மேற்பரப்பில் இருக்கும் தண்ணீர் ஆவியாகி முடிவதற்குள்ளேயே ஆங்காங்கே கருமை தட்டிவிடும். பார்ப்பவர் பயந்துபோய் எடுத்துவிடுவார்.

இரண்டாவது கண்ணுக்குத் தெரியாதது. சர்க்கரை தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். வெந்த மாவுச்சத்து குளிரும்போது மீண்டும் இறுகிக் கட்டிப்படுவதையும் அது தாமதப்படுத்தும். சுஷி கடைகளில் சோறு பல மணி நேரம் மென்மையாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். கையில் பிடித்துச் சாப்பிடும் சுஷிக்கு அது வரம். பொரிக்கப்போகிற சோற்றுக்கு அதுவே தடை. ஆகவே அதே சோற்றை அதே சர்க்கரையோடு செய்து பொரிக்கச் சொல்லும் செய்முறைகளை நான் ஏற்கவில்லை. பொரிக்கும் சோற்றுக்குச் சர்க்கரை குறைய வேண்டும்.

இதைச் சோதித்துப் பார்க்கலாம் என்று அவரே சொன்னார். ஒரே குக்கர் சோற்றை இரண்டாகப் பிரித்தோம். ஒரு பாதிக்குப் பழைய கலவை. மறு பாதிக்குச் சர்க்கரை கலவாத வினிகரில் நாங்களே அளந்து கலந்தது. 300 கிராம் அரிசிக்கு 3 மேசைக்கரண்டி வினிகர், 1 மேசைக்கரண்டி சர்க்கரை, தலை தட்டிய 1 தேக்கரண்டி உப்பு என்ற கணக்கு. இரண்டையும் ஒரே தடிமனில் அழுத்தி, ஒரே இரவு குளிரவைத்து, ஒரே வாணலியில் பொரித்தோம். பழைய கலவை இரண்டு நிமிடத்துக்குள் ஆழ்ந்த பழுப்புக்கு வந்துவிட்டது. விரலால் தட்டினால் மேற்பரப்பு அமுங்கியது. புதிய கலவை நான்கு நிமிடம் பொறுத்தது. வெளிர்ந்த பொன்னிறம்தான், ஆனால் தட்டினால் ஓசை கேட்டது. மகள் இரண்டையும் சுவைத்துவிட்டு, வெளிர்நிறத் துண்டைக் காட்டி, "அம்மா, கடையில் இப்படித்தான் இருக்கும்" என்றாள்.

அழுத்துவதும் குளிரவைப்பதும்

அவர் வழக்கம் இப்படி இருந்தது: சுடச்சுடச் சோற்றைக் கண்ணாடித் தட்டில் பரப்பி, பிளாஸ்டிக் உறையால் உடனே இறுக மூடி, ஃபிரிட்ஜில் ஒரு மணி நேரம் வைத்து எடுப்பார். உறையின் அடிப்பக்கம் முழுக்க நீர்த்துளிகள் பூத்து, சோற்றின் மேல் சொட்டிக்கொண்டிருக்கும். எண்ணெய் தெறித்ததன் காரணம் இதுதான். எண்ணெயைவிடக் கனமான நீர்த்துளி அடியில் இறங்கி, நொடியில் ஆவியாகிறது. அப்போது அதன் பருமன் ஏறத்தாழ 1,600 மடங்கு பெருகுகிறது. மேலே இருக்கும் எண்ணெயை அது தூக்கி எறிகிறது. குழந்தைகள் சுற்றி நிற்கிற அடுப்பில் இது சிறிய விஷயம் அல்ல.

மாற்றியது என்னவென்றால், வினிகர் கலந்த சோற்றை அகலமான தட்டில் பரப்பி, விசிறியால் வீசி, கை பொறுக்கும் சூட்டுக்குக் கொண்டுவந்தோம். ஜப்பானியர் மரத்தொட்டியில் கொட்டி விசிறுவதும் இதற்காகத்தான்; மேலே நிற்கும் ஈரம் விசிறியில் பறந்துவிடும், சோற்றில் மினுமினுப்பும் ஏறும். அழுத்துவதற்கு அந்த இளஞ்சூடு மிக முக்கியம். கொதிக்கும்போது அழுத்தினால் மணி நசுங்கிக் கூழாகும். ஆறிக் குளிர்ந்தபின் அழுத்தினால் மணிகள் ஒன்றோடொன்று பிடிக்காது. முந்தைய நாள் மீந்த சோற்றைக் கொண்டு இந்தப் பண்டத்தைச் செய்ய முடியாததற்குக் காரணம் அது. உறை விரித்த தட்டில் 2 சென்டிமீட்டர் தடிமனுக்குப் பரப்பி, மேலே இன்னொரு தட்டை வைத்து, உள்ளங்கையால் நன்றாக அழுத்தினோம். மூலைகளை மறக்கக் கூடாது. உதிர்வது எப்போதும் மூலையிலிருந்துதான் தொடங்குகிறது.

முழுதாக ஆறியபின்தான் மூடினோம். பிறகு ஃபிரிட்ஜில் ஓர் இரவு. ஒரு மணி நேரம் ஏன் போதாது என்று அவர் கேட்டது நியாயமான கேள்வி. சோறு ஆறிய சில மணி நேரத்திலேயே அமைலோஸ் இழைகள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு சோற்றுக்கு ஒரு கட்டுமானத்தைக் கொடுத்துவிடுகின்றன. அமைலோபெக்டின் மெதுவாக இறுகுவது. அதற்கு நீண்ட நேரம் வேண்டும், 4 டிகிரி செல்சியஸை ஒட்டிய குளிரில் அது விரைவாக நடக்கிறது. ஃபிரிட்ஜில் வைத்த சோறு விறைத்துப்போவதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். சாப்பாட்டில் நாம் வெறுக்கிற அந்த விறைப்புதான் இங்கே நமக்கு வேண்டியது. கத்திக்குத் துண்டு நேராக வெட்டுப்படும், எண்ணெயில் உருக்குலையாது. பிறகு பொரிக்கும்போது உட்பகுதி 60 டிகிரியைத் தாண்டியதும் அமைலோபெக்டினின் இறுக்கம் தளர்ந்து, உள்ளே சோறு மறுபடியும் மெத்தென்று ஆகிவிடுகிறது. அமைலோஸின் பின்னல் அந்தச் சூட்டில் தளராது. துண்டு நிற்பது அதனால்தான். இதை முதலில் புரிந்துகொண்டபோது எனக்கு உண்டான மகிழ்ச்சியை மறைக்க விரும்பவில்லை. அரிசிக்குள்ளேயே இவ்வளவு ஒழுங்கு இருக்கிறது.

பொரிப்பதற்கு முன் கடைசி ஒரு மணி நேரம் உறையை எடுத்துவிட்டு, ஃபிரிட்ஜிலேயே திறந்து வைத்தோம். அங்கே காற்று வறண்டிருப்பதால் மேற்பரப்பு காய்ந்துகொள்ளும். வெட்டும் கத்தியை ஒவ்வொரு வெட்டுக்கும் முன் நனைத்துத் துடைத்தோம். வெட்டிய துண்டுகளின் பக்கங்களை டிஷ்யூ தாளால் ஒற்றியெடுத்தோம். கார்ன்ஃபிளாரில் லேசாகப் புரட்டும் வழக்கமும் உண்டு. மேல் ஈரத்தை அது உறிஞ்சும், மெல்லிய ஓடு ஒன்றையும் கொடுக்கும். செய்து பார்த்தோம், நன்றாகத்தான் இருந்தது. ஆனாலும் கடிக்கும்போது அரிசி மணியின் நொறுங்கலுக்குப் பதில் மாவின் நொறுங்கல் முன்னே வருகிறது. மேற்பரப்பு காய்ந்திருந்தால் அது தேவையில்லை என்றே சொல்வேன்.

சோற்றை வெளியே வைத்திருக்கும் நேரம் பற்றி ஓர் எச்சரிக்கை. அவர் முன்பு மதியம் சமைத்த சோற்றை மாலைவரை மேடையிலேயே விட்டிருந்தார். பாசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் விதைமணிகள் கொதிநீரிலும் சாவதில்லை. சோறு வெதுவெதுப்பாக நீண்ட நேரம் இருந்தால் அவை முளைத்துப் பெருகி, வாந்தியை உண்டாக்கும் நச்சை உருவாக்கும். அந்த நச்சு மறுபடி பொரித்தாலும் அழியாது. உணவகங்கள் சுஷிச் சோற்றை வெளியே வைத்திருக்க முடிவது, வினிகரால் அதன் பிஎச் அளவை (புளிப்பு கூடக் கூடக் குறையும் எண்) 4.6-க்குக் கீழே இறக்கி, அதை அளந்தும் பார்ப்பதால். வீட்டில் நாம் புளிப்பைக் குறைத்துக்கொள்கிறோம்; அளப்பதும் இல்லை. ஆகவே ஆறியதும் ஃபிரிட்ஜுக்குப் போய்விட வேண்டும். 2 சென்டிமீட்டர் தட்டையாகப் பரப்பிய சோறு விரைவாக ஆறும் என்பது இந்தப் பண்டத்துக்குக் கிடைத்த கூடுதல் நன்மை.

வாணலியில்

அடி கனமான இரும்பு வாணலி, ஒரு சென்டிமீட்டர் உயரத்துக்கு மணமற்ற எண்ணெய், 175 முதல் 180 டிகிரி சூடு. குளிர்ந்த துண்டுகள் இறங்கியதும் எண்ணெயின் சூடு சட்டென்று விழும் என்பதால் வாணலியை நிறைக்கக் கூடாது. பாதி இடம் காலியாக இருக்கட்டும். போட்டதும் தொடக்கூடாது. அவர் போட்ட அரை நிமிடத்தில் கரண்டியால் நகர்த்திப் பார்ப்பார். அப்போது மேல்தோல் இன்னும் ஈரப்பசையாகவே இருக்கும். வாணலியோடு பிடித்துக்கொண்டு கிழிந்து வரும். ஓடு உருவாகிவிட்டால் துண்டு தானாகவே விட்டுக்கொடுக்கும்.

எப்போது திருப்புவது, எப்போது எடுப்பது? இதற்கு நான் சொன்ன ஒரே யோசனை, கண்ணை மூடிக்கொள், காதைத் திற என்பதுதான். "முறுக்கை எப்போது எடுப்பாய்?" என்று கேட்டேன். "சத்தம் அடங்கியதும்" என்றார் உடனே. அவ்வளவுதான். எண்ணெயில் எழும் ஓசையும் குமிழியும் மாவுக்குள்ளிருந்து தண்ணீர் ஆவியாக வெளியேறும் அடையாளம். அது ஓயும்போது மேல்பகுதி காய்ந்துவிட்டது என்று பொருள். தண்ணீர் இருக்கும்வரை மேற்பரப்பின் சூடு 100 டிகிரியைத் தாண்டாது. தண்ணீர் போன பின்புதான் அது ஏறி, ஓடு இறுகி, வறுத்த மணம் கிளம்பும். முறுக்கில் அவருக்குத் தெரிந்திருந்த இந்த உண்மையைச் சோற்றுத் துண்டில் பழுப்பு நிறம் மறைத்துவிட்டிருந்தது. சர்க்கரையைக் குறைத்ததும் நிறமும் ஓசையும் ஒன்றாக நடக்கத் தொடங்கின. ஒரு பக்கம் நான்கு நிமிடம், மறு பக்கம் மூன்று நிமிடம். முறுக்கில் ஓசை முழுதாக அடங்கும். இதில் உள்ளே ஈரச் சோறு இருப்பதால் முழுதாக அடங்காது, மெலிந்துபோகும். அந்த மெலிவே போதும். அதற்கு மேலும் விட்டால் உள்ளிருக்கும் சோறும் காய்ந்துவிடும்.

எடுத்ததை டிஷ்யூ தாளில் குவிக்கக் கூடாது. துண்டுக்கு அடியில் ஆவி அடைபட்டு, பாடுபட்டு எடுத்த ஓடு நமத்துவிடும். கம்பி வலைத் தட்டில் தனித்தனியாக வைக்க வேண்டும். சோயா சாஸ் தடவும் ஆசை இருந்தால் பரிமாறும் நேரத்தில், தூரிகையால், மிக மெல்லியதாக.

மீன்

பச்சை மீன் விஷயத்தில் தயவுதாட்சண்யம் கூடாது. "சுஷி தரம்" என்று ஒட்டிய சீட்டுக்கு அமெரிக்காவில் சட்டப்படியான வரையறை எதுவும் இல்லை. பச்சையாக உண்ணும் மீனில் ஒட்டுண்ணிகளைக் கொல்ல மைனஸ் 20 டிகிரி செல்சியஸில் 7 நாட்கள் அல்லது மைனஸ் 35 டிகிரியில் உறையவைத்து அதே குளிரில் 15 மணி நேரம் வைத்திருக்க வேண்டும் என்பது அந்நாட்டு உணவு மருந்து நிர்வாகத்தின் நெறி. புளூஃபின், யெல்லோஃபின், பிக்ஐ உள்ளிட்ட சில டூனா இனங்களுக்கு இதிலிருந்து விலக்கு உண்டு. சால்மனுக்கு அப்படிப் பொதுவான விலக்கு கிடையாது. வீட்டு ஃபிரீசர் பெரும்பாலும் மைனஸ் 18-ஐ ஒட்டியே நிற்பதால், சால்மனை வீட்டில் உறையவைத்துப் பாதுகாப்பாக்கிவிட்டோம் என்று நம்பக் கூடாது. டாரன்ஸில் மிட்சுவா போன்ற ஜப்பானியக் கடைகளில் பச்சையாக உண்பதற்கென்றே வெட்டிய டூனா கிடைக்கிறது. அங்கே வாங்கியது நல்ல முடிவு.

டூனாவுக்கு வேறொரு ஆபத்து இருக்கிறது. குளிரில்லாமல் கிடந்தால் அதன் சதையில் ஹிஸ்டமின் என்ற, ஒவ்வாமை போன்ற உபாதை தரும் பொருள் சேரும். அதைச் சமைத்தும் போக்க முடியாது, உறையவைத்தும் போக்க முடியாது. கடையிலிருந்து பனிக்கட்டியோடு வீட்டுக்கு, வீட்டில் நேராக ஃபிரிட்ஜுக்கு. விருந்துக்கு வருகிறவர்களில் கர்ப்பிணி ஒருவர் இருந்தார். அவருக்கும் முதியவர்களுக்கும் பச்சை மீன் வேண்டாம் என்று முதலிலேயே முடிவு செய்தோம்.

கலவை எளிது. 250 கிராம் டூனாவை டிஷ்யூவால் ஒற்றி, கத்தியால் பொடியாகக் கொத்தி, 2 மேசைக்கரண்டி மயோனைஸ், 1 மேசைக்கரண்டி ஸ்ரிராச்சா, அரைத் தேக்கரண்டி வறுத்த எள்ளெண்ணெய், பொடியாக அரிந்த வெங்காயத் தாள். மிக்ஸியில் அரைத்தால் மீன் பசையாகி நீர்விடும். இங்கும் அதே தண்ணீர்க் கதைதான்: நீர்விட்ட கலவையைத் துண்டின் மேல் வைத்தால் சில நிமிடங்களில் ஓடு ஊறிவிடும். அதனால் கலவையும் கெட்டியாக இருக்க வேண்டும், சாப்பிடும் நேரத்தில்தான் மேலே ஏறவும் வேண்டும்.

விருந்து நாள்

இருபதுக்கும் மேற்பட்ட விருந்தினர்கள், ஒரே ஒரு வாணலி. ஒவ்வொருவருக்கும் அப்போதைக்கப்போது ஏழு நிமிடம் பொரித்துக் கொடுப்பது நடவாத காரியம். பொரித்து வைத்துவிட்டாலோ உள்ளிருக்கும் ஈரம் மெல்ல மெல்ல வெளியே வந்து ஓட்டை நமக்கச் செய்யும். இதற்கு இருமுறை பொரிப்பதுதான் வழி. விருந்துக்குச் சிறிது நேரம் முன்பாக, ஓடு இறுகி வெளிர்மஞ்சள் தட்டும்வரை முதல் பொரிப்பு. கம்பித் தட்டில் ஆறவிடும்போது உள்ளீரம் ஓட்டுக்கு வந்து சேர்கிறது. பரிமாறும்போது எண்ணெயை 190 டிகிரிக்கு ஏற்றி ஒரே நிமிடம் இரண்டாவது பொரிப்பு. வந்து சேர்ந்த ஈரம் பறந்துவிடுகிறது. இரண்டாவது முறை பொரித்த துண்டின் ஓடு முதல்முறையைவிட நன்றாகவே நின்றது. விருந்து இல்லாத நாளிலும் இதையே செய்யலாம் என்று எனக்குத் தோன்றியது. அவருக்கு அதில் உடன்பாடில்லை. வீட்டில் நால்வர் சாப்பிட இவ்வளவு வேலை எதற்கு என்றார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது.

மேசையில் டூனா கலவையை ஒரு கிண்ணத்தில் பனிக்கட்டித் தட்டின் மேல் வைத்தோம். பச்சை மீன் வேண்டாதவர்களுக்கு வேகவைத்துக் கொத்திய இறால் கார மயோனைஸில் கலந்து ஒரு கிண்ணம். சைவர்களுக்கு இரண்டு: எலுமிச்சையும் பச்சை மிளகாயும் சேர்த்து மசித்த அவகாடோ ஒன்று, சோயா சாஸிலும் இஞ்சியிலும் நீர் சுண்டும்வரை வதக்கிய ஷிட்டாக்கி காளான் இன்னொன்று. முட்டை சாப்பிடாதவர்கள் இருந்ததால் காளானில் மயோனைஸ் கலக்கவில்லை. அவரவர் துண்டின் மேல் அவரவரே வைத்துக்கொண்டார்கள். முதலில் தீர்ந்தது காளான். அதன் ஆழ்ந்த உப்புச் சுவைக்கு அந்தப் புளிப்பிட்ட சோறு டூனாவைவிடப் பொருத்தமாக இருந்தது என்பது என் சொந்த அபிப்பிராயம். மகள் டூனாவை விட்டுக்கொடுக்கவில்லை.

ஏர் ஃபிரையரிலும் செய்து பார்த்தோம். துண்டுகளுக்கு எல்லாப் பக்கமும் எண்ணெய் தடவி 200 டிகிரியில் கால் மணி நேரம், நடுவில் ஒருமுறை திருப்பல். எண்ணெய் தெறிப்பு இல்லை, ஆளும் நிற்க வேண்டியதில்லை. ஆனால் அங்கே சூடான காற்று ஈரத்தை மெதுவாக இழுப்பதால், ஓடு உருவாகும் முன்பே ஓரத்து மணிகள் காய்ந்து பல்லுக்குக் கடினமாகிவிடுகின்றன. தடிமனை 2 சென்டிமீட்டரிலிருந்து கொஞ்சம் கூட்டி, எண்ணெயைத் தாராளமாகத் தடவினால் ஓரளவு சரியாகிறது. வாரநாள் மாலையில் பிள்ளைகளுக்குச் செய்ய அது போதும். விருந்துக்கு இரும்பு வாணலியைத்தான் எடுக்கச் சொல்வேன்.